பெஞ்சில் இருப்பவரும் உங்கள் ஆட்டக்காரர்தான்

மதுரை வட்டாரக் கால்பந்து அணிகளின் நிர்வாகிகளுக்கும் பயிற்சியாளர்களுக்கும், லீக் ஆட்டங்களையும் கோப்பைப் போட்டிகளையும் நடத்தும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

சீசன் தொடங்கி மூன்று வாரம்கூட முடியவில்லை. அதற்குள் எங்கள் இடது பின்கள வீரர் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நடுகளத்தில் ஆடும் இருவருக்குக் கணுக்கால் வீங்கிக் கிடக்கிறது. முன்கள வீரர் ஒருவர் முழங்காலில் பட்டையைச் சுற்றிக்கொண்டு, "ஒன்றுமில்லை, ஆடிவிடுவேன்" என்கிறார். அரசரடி ரயில்வே மைதானத்திலும் ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்திலும் சந்திக்கிற மற்ற அணிக்காரர்களைக் கேட்டால் அவர்களும் இதே பல்லவியைத்தான் பாடுகிறார்கள். போன வருடமும் இப்படித்தான், அதற்கு முந்தைய வருடமும் இப்படித்தான். ஒவ்வொரு முறையும் நேரம் சரியில்லை என்கிறோம், கண் பட்டுவிட்டது என்கிறோம், பூசணிக்காய் சுற்றி உடைக்கிறோம். சீசன் தொடக்கத்தில் வரும் காயங்களில் பெரும்பகுதியை, முதல் விசில் ஊதுவதற்கு முன்பே நாமே தயார்செய்து வைத்துவிடுகிறோம் என்பது என் எண்ணம். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஆட்டக்காரர் பட்டியலை எழுதி நடுவரிடம் கொடுப்பது என் வேலை. முதலுதவிப் பெட்டியும் என் கையில்தான் இருக்கும். ஆகவே பட்டியலில் இருக்கும் பெயருக்கும் மைதானத்துக்கு வரும் ஆளுக்கும் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். பதினெட்டுப் பெயர் எழுதுகிறோம். பதினான்கு பேர் வருகிறார்கள். பதினொருவர் இறங்கிவிட்டால் மிச்சம் மூன்று பேர். அதில் ஒருவர் மாற்று கோல்கீப்பர். ஒருவர் பயிற்சிப் பக்கமே தலைகாட்டாதவர். இன்னொருவன் பள்ளி முடித்த பையன், தண்ணீர் பாட்டில் தூக்குவதற்கென்றே வந்தவனைப்போல் ஓரமாக நிற்பான். எண்பதாவது நிமிடத்தில் யாராவது விழுந்தால் அவனை உள்ளே அனுப்புகிறோம். அவன் தடுமாறினால், இதற்குத்தான் இவனை இறக்குவதில்லை என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். காற்றடிக்காத ஸ்டெப்னியை ஏற்றிக்கொண்டு கிளம்பிய லாரிக்காரர் நடுவழியில் நின்று டயரைத் திட்டுவதைப் போன்றது இது.

நம் சீசன் தொடங்கும் அழகைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆட்ட அட்டவணை கைக்கு வந்த பிறகுதான் அணியே கூடுகிறது. அதுவரை கல்லூரிப் பையன் பரீட்சைக்கு உட்கார்ந்திருந்தான். செல்போன் கடையில் வேலைபார்ப்பவர் நாள் முழுக்க நின்றுகொண்டிருந்தார். லோடு ஆட்டோ ஓட்டுபவர் உட்கார்ந்தே இருந்தார். மாதக்கணக்கில் முழு வேகத்தில் ஓடாத கால்கள் அவை. ஒரு வாரம் பந்தை உதைத்துப் பார்த்துவிட்டு, இறுகிப்போன செம்மண் தரையில் தொண்ணூறு நிமிடம் ஓடச் சொல்கிறோம். சனிக்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று என்று அடுத்தடுத்த நாளிலேயே ஆட்டம் வைக்கிறோம். இடையில் உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ ராத்திரி லைட் போட்டு எழுவர் கால்பந்து நடந்தால், கைச்செலவுக்குக் கிடைக்கும் காசுக்காக அதே பையன் அங்கேயும் போய் ஆடிவிட்டு விடியற்காலையில் வீடு திரும்புகிறான். அவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தத் தொடைத் தசைக்கு நம் கஷ்டமெல்லாம் தெரியாது.

கோடிகளில் புரளும் ஐரோப்பிய கிளப்களுக்கே இந்தப் பிரச்சினை இருக்கிறது. யான் எக்ஸ்ட்ராண்ட் என்ற ஸ்வீடன் நாட்டு மருத்துவர் தலைமையில் 2001 முதல் ஐரோப்பாவின் முன்னணி அணிகளின் காயங்களை ஒரு குழு கணக்கெடுத்து வருகிறது. 25 பேர் கொண்ட அணிக்கு ஒரு சீசனில் ஏறத்தாழ 50 காயங்கள், அதாவது ஆளுக்கு இரண்டு என்பது அவர்கள் கண்டது. பயிற்சியில் ஒரு மணி நேரத்துக்கு நேரும் காயத்தைவிட ஆட்டத்தில் ஒரு மணி நேரத்துக்கு நேரும் காயம் ஆறேழு மடங்கு. 21 சீசன்களில் மொத்தக் காயங்களில் பின்தொடைத் தசைக் காயத்தின் பங்கு 12 சதவீதத்திலிருந்து 24 சதவீதமாக ஏறிவிட்டது. காயம் குறைவாக, ஆட்கள் கைவசம் அதிகமாக இருந்த சீசன்களில் அந்த அணிகள் லீக் பட்டியலிலும் மேலே வந்தன என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்வதைத் தனிச் செலவாக நினைக்கும் நிர்வாகிகள் இந்தக் கடைசி வரியை மனத்தில் வைக்க வேண்டும். கோப்பை வேண்டுமென்றால் அதுவும் இந்த வழியாகத்தான் வருகிறது.

சீசன் தொடக்கத்தில் ஓர் ஆளை இழந்தால் என்ன ஆகும் என்பதற்கு மான்செஸ்டர் சிட்டியைப் பாருங்கள். நான்கு வருடம் தொடர்ந்து இங்கிலாந்து பிரிமியர் லீக் சாம்பியன். அதன் நடுகளத் தூண் ஸ்பெயின்காரர் ரோட்ரி. முந்தைய சீசனில் கிளப்புக்கும் நாட்டுக்குமாகச் சேர்த்து அறுபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியவர். 2024 செப்டம்பரில், ஆட்டங்களின் எண்ணிக்கை இப்படியே கூடிக்கொண்டு போனால் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கும் நிலை நெருங்குகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். சில நாளிலேயே, செப்டம்பர் 22 அன்று ஆர்சனலுடன் நடந்த ஆட்டத்தில் அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் தோர் விருதை ஊன்றுகோலுடன் வந்து வாங்கினார். அவருக்கு ஈடாக இன்னொருவரைச் சிட்டி வளர்த்து வைத்திருக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் 13 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. சீசன் முடிவில் மூன்றாவது இடம். பணத்துக்குப் பஞ்சமே இல்லாத கிளப் அது. பட்டியலில் பெயர்கள் இருந்தன. அந்த இடத்தில் ஆடிப் பழகியவர்தான் இல்லை.

இதற்கு நேர் எதிராக இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கட்சியின் உயிரே அதில்தான் இருக்கிறது. லிவர்பூல் 2020இல் சாம்பியன் ஆனது. அடுத்த சீசன் தொடங்கிச் சில வாரத்திலேயே, அக்டோபர் 17 அன்று, வர்ஜில் வான் டைக்கின் முழங்கால் போனது. நவம்பரில் ஜோ கோமஸ். பிறகு ஜோயல் மாட்டிப். மூன்று முதன்மைத் தடுப்பாட்டக்காரர்களும் படுத்துவிட்டார்கள். நடுகள வீரர்களை இழுத்துப் பின்னால் நிறுத்தினார் பயிற்சியாளர் யூர்கன் கிளாப். அதனால் நடுகளம் காலியானது, சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஆறு லீக் ஆட்டங்களில் தோற்றார்கள். கடைசியில் கைகொடுத்தது யார் தெரியுமா? நாட் பிலிப்ஸ், ரைஸ் வில்லியம்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள். ரைஸ் வில்லியம்ஸ் அதற்கு முந்தைய சீசனில் இங்கிலாந்துக் கால்பந்தின் ஆறாவது அடுக்கில், கிடர்மின்ஸ்டர் என்ற சின்ன ஊர் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர். இந்த இருவரையும் பின்னால் நிறுத்திவிட்டு நடுகளக்காரர்களை நடுகளத்துக்கே திருப்பி அனுப்பிய பிறகுதான் அணி மூச்சுவிட்டது. கடைசி ஆட்டங்களை வரிசையாக வென்று மூன்றாவது இடத்துக்கு ஏறி வந்தது. அவர்கள் வான் டைக் ஆகிவிடவில்லை. ஆனால் தங்கள் இடத்தில் தங்கள் வேலையைச் செய்தார்கள். ஆட ஆடத்தான் அவர்களுக்கு அது கைவந்தது.

இங்கே நாம் செய்வது என்ன? பின்கள வீரர் விழுந்தால் நம் சிறந்த நடுகள வீரரைப் பின்னால் இழுக்கிறோம். நடுகளத்துக்கு முன்கள வீரரை இறக்குகிறோம். ஒரு காயத்தால் மூன்று இடம் கெடுகிறது. பழக்கமில்லாத இடத்தில் ஆடுபவர் திடீரென்று திரும்பி ஓட வேண்டியிருக்கிறது. அடுத்த காயம் அங்கே காத்திருக்கிறது. பெஞ்சில் இருந்த பையனோ கடைசிவரை உட்கார்ந்தே இருந்துவிட்டு, மேலே போட்டிருந்த டி-ஷர்ட்டைக் கழற்றாமலேயே வீட்டுக்குப் போகிறான். இரண்டு மூன்று வாரம் இப்படிப் போனால் நான்காவது வாரம் அவன் வருவதில்லை. "இந்தக் காலத்துப் பையன்களுக்கு ஆர்வமே இல்லை" என்று நாம் டீக்கடையில் பேசிக்கொள்கிறோம். அவனுக்கு ஆர்வம் இருந்தது. அவன் மாட்டுத்தாவணியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தான். பத்து நிமிடமாவது இறக்கியிருக்கலாம்.

ஆகவே என் முதல் வேண்டுகோள். சீசனின் முதல் மூன்று ஆட்டங்களில் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் களத்தில் இறங்கியிருக்க வேண்டும் என்று உங்களுக்கு நீங்களே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். தோற்கிற ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடம் போதாது. ஆட்டம் சமநிலையில் இருக்கும்போது, பயம் இருக்கும்போது, அரை மணி நேரம் ஆட வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் முதல் ஆள் யார், இரண்டாவது ஆள் யார் என்று தாளில் எழுதுங்கள். அந்த இரண்டாவது ஆள் பயிற்சியில் அதே இடத்தில், முதல் அணியோடு சேர்ந்து ஆட வேண்டும். எதிரணியாக நின்று பந்து பொறுக்கிப் போட்டால் ஒன்றும் கற்க மாட்டார். ஒரு புள்ளி போகலாம், இரண்டு புள்ளி போகலாம். அது சீசனின் பின்பாதியில் வட்டியோடு திரும்பி வரும்.

போட்டி நடத்துபவர்களிடம் இதோடு ஒட்டிய ஒரு கோரிக்கை. கால்பந்து விதிகளை வகுக்கும் சர்வதேச வாரியம் 2020 மே மாதம் தற்காலிகமாகக் கொண்டுவந்த ஐந்து மாற்று வீரர் முறையை 2022இல் நிரந்தரமாக்கிவிட்டது. உலகக் கோப்பையில் ஐந்து பேரை மாற்றலாம். நான் பட்டியல் எழுதிக் கொடுக்கும் போட்டிகள் சிலவற்றில் இன்னும் மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், ஆட்டம் இழுத்துக்கொண்டே போகும் என்கிறார்கள். ஐந்து மாற்றையும் மூன்று நிறுத்தங்களுக்குள் முடிக்க வேண்டும், இடைவேளையில் மாற்றினால் அது கணக்கில் வராது என்று விதியிலேயே இருக்கிறது. நேரம் வீணாகாது. சிறுவர் போட்டிகளிலும் அடித்தள அளவிலான போட்டிகளிலும் வெளியே வந்தவரே மறுபடி உள்ளே போகவும் தேசியச் சங்கம் ஒப்பினால் விதி இடம் தருகிறது. தயவுசெய்து பழைய வழக்கத்தை விடுங்கள். அடுத்தடுத்த நாளில் ஒரே அணிக்கு இரண்டு ஆட்டம் வைப்பதையும் விடுங்கள். அட்டவணையை ஆறு வாரத்துக்கு முன்பே கையில் கொடுத்தால், அணிகள் உடம்பைப் படிப்படியாக ஏற்றிக்கொள்ளும்.

இனி காயம் பட்டவரைப் பற்றி. இங்கேதான் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

சென்ற வாரம் நடந்ததைச் சொல்கிறேன், யார் என்று சொல்லவில்லை. முதல் பாதியில் ஒரு பையனுக்குக் கணுக்கால் பிரண்டது. இடைவேளைக்குள் வெளிப்பக்கம் முட்டை அளவுக்கு வீங்கிவிட்டது. ஒருவர் எதிரே இருந்த ஜூஸ் கடைக்கு ஓடி பாலித்தீன் பையில் ஐஸ் வாங்கி வந்தார். இன்னொருவர் தைல பாட்டிலைத் திறந்து உருவிவிடத் தொடங்கினார், நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். பையன் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு, க்ரேப் பேண்டேஜைச் சுற்றி, வீங்கிய காலை ஷூவுக்குள் திணித்தான். உள்ளே போகவில்லை. கயிற்றை முழுக்க உருவி எடுத்துவிட்டுத் திணித்து, மறுபடி துளை துளையாகக் கோத்து இறுக்கிக் கட்டினான். கண்ணில் தண்ணீர் நிற்கிறது. சுற்றி நின்றவர்கள், "சிங்கம்டா" என்று முதுகில் தட்டினார்கள். அவனை மறுபடி இறக்கினார்கள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்ல மாட்டான். வெளியே உட்கார்ந்தால் தன் இடம் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும்.

கணுக்கால் விஷயத்தில் யாரும் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வகுத்துக் கொடுத்தது, இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அடிபட்டவர் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்காலின் இருபக்க எலும்பு முட்டுகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ அமுக்கினால் வலிக்கிறது என்றாலோ, எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். இதை ஒரு அட்டையில் எழுதி முதலுதவிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவையுங்கள். எண்ணெய்க் கட்டோ புத்தூர்க் கட்டோ போடுவது அவரவர் நம்பிக்கை. எலும்பு உடைந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல் எதுவும் கட்டாதீர்கள். புதிதாகக் கிழிந்த தசையை முதல் இரண்டு மூன்று நாள் உருவவே கூடாது. உள்ளே கசியும் ரத்தம் அதிகமாகும்.

பின்தொடைக்கும் இதே எச்சரிக்கை. நடந்தால் வலிக்கவில்லை என்பது ஆடலாம் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. முழு வேகத்தில் ஓடி, சட்டென்று நின்று, மறுபடி ஓடிக் காட்ட வேண்டும். ஒரு நாள் மட்டும் போதாது, சில நாள் பயிற்சியில் தொடர்ந்து செய்து காட்ட வேண்டும். மறுகாயங்கள் பெரும்பாலும் திரும்பி வந்த முதல் சில வாரங்களிலேயே வருகின்றன. முதல் தடவையைவிட அதிக நாள் வெளியே வைத்தும்விடுகின்றன. ஏ.சி.எல். என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் முழங்கால் தசைநார் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஒன்பது மாதத்துக்கு முன் களமிறங்கினால் மறுபடி காயம்படும் வாய்ப்பு பெருமளவு கூடுகிறது. இறுதியாட்டம் வருகிறது என்று ஆறாவது மாதத்தில் ஒரு பையனைக் கூப்பிட்டனுப்புவது அவன் வாழ்நாள் முழுக்க மாடிப்படி ஏறும் காலோடு விளையாடுவது.

யார் முடிவெடுப்பது என்பதுதான் கேள்வி. பயிற்சியாளருக்கு ஜெயிக்க வேண்டும். ஆட்டக்காரருக்கு ஆட வேண்டும். அந்த நேரத்தில் இருவருமே சரியான நீதிபதிகள் அல்லர். 2014 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமருக்குத் தலையில் பலமாக அடிபட்டது. கால் மணி நேரம் போல ஆடிக்கொண்டே இருந்தார். பிறகு நடுவரிடமே போய், "இது இறுதியாட்டமா?" என்று கேட்டார். அதன் பிறகுதான் வெளியே அழைத்தார்கள். 2015 ஆகஸ்டில், சீசனின் முதல் ஆட்டத்திலேயே, செல்சி அணியின் மருத்துவர் ஈவா கார்னெய்ரோ கீழே விழுந்த ஈடன் ஹசார்டைப் பார்க்க நடுவர் அழைப்பின்பேரில் களத்துக்குள் ஓடினார். ஏற்கெனவே ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியிருந்ததால், சிகிச்சைக்காக ஹசார்டும் வெளியே போக வேண்டிவந்து அணி ஒன்பது பேரானது. பயிற்சியாளர் மொரீன்யோ மருத்துவரைப் பகிரங்கமாகக் கடிந்தார். மருத்துவர் கிளப்பைவிட்டே போனார், அவர் தொடுத்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. மொரீன்யோவும் டிசம்பரில் வேலையிழந்தார். அந்தச் சீசனை நடப்புச் சாம்பியனான செல்சி பத்தாவது இடத்தில் முடித்தது. விழுந்தவனைப் பார்க்க ஓடிய மருத்துவர் மேல் கோபப்படும் அணியில் எந்த ஆட்டக்காரர் நம்பி வலியைச் சொல்வார்?

ஒவ்வொரு சின்ன அணிக்கும் மருத்துவர் வைத்துக்கொள்ள முடியாது, தெரியும். ஆனால் ஆட்டம் நடக்கும் நாளில் மைதானத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் இருக்கலாமே. இரண்டு அணிக்கும் பொதுவாக, போட்டி நடத்துபவர்கள் ஏற்பாட்டில் உட்காரட்டும். மதுரையில் பிசியோதெரபி கல்லூரிகள் இருக்கின்றன. கடைசி வருட மாணவர்களை அவர்கள் ஆசிரியரோடு அழைத்தால் வர மாட்டார்களா? அவர் "வேண்டாம்" என்றால் அதுதான் கடைசிச் சொல் என்று போட்டி விதிகளிலேயே எழுதிவிடுங்கள். அப்போது பையனுக்கும் கோழை என்ற பெயர் வராது, பயிற்சியாளருக்கும் பழி வராது.

காயம்பட்டவர் தன் இடம் போய்விடும் என்று பயப்படாமல் இருக்க என்ன வழி என்று யோசிக்கும்போது எனக்கு அமெரிக்கக் கால்பந்து நினைவுக்கு வருகிறது. முட்டைவடிவப் பந்தோடு மோதிக்கொள்ளும் அந்த ஆட்டம் நமக்கு அந்நியம்தான். ஆனால் காயத்தை நிர்வாகம் செய்வதில் அவர்களிடம் படிக்க நிறைய இருக்கிறது. ஓர் அணியில் 53 பேர். அதற்கு வெளியே, கூடவே பயிற்சி செய்துகொண்டிருக்கும் 16 பேர் கொண்ட தனிக் குழு ஒன்று. கடுமையாகக் காயம்பட்டவரைக் காயப்பட்டியலுக்கு மாற்றுவார்கள். அவர் குறைந்தது நான்கு ஆட்டம் ஆடக் கூடாது. அவர் வெளியே போன இடத்துக்குப் பயிற்சிக் குழுவிலிருந்து ஆள் ஏறுகிறார். குணமானதும் அவர் திரும்பி வரலாம். ஒவ்வொரு வாரமும் யார் யாருக்கு எங்கே காயம், பயிற்சியில் எவ்வளவு பங்கெடுத்தார்கள் என்று அணிகள் ஊரறிய வெளியிட்டாக வேண்டும். மறைக்க முடியாது. அவ்வளவு ஏற்பாட்டிலும் அடி விழுகிறது. 2023 செப்டம்பரில் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்குப் புதிதாக வந்த ஆரன் ராட்ஜர்ஸ், சீசனின் முதல் ஆட்டத்தில் நான்காவது நகர்விலேயே குதிகால் தசைநார் அறுந்து அந்தச் சீசனையே இழந்தார். யாருக்கும் வரும். வந்த பிறகு அவர் எங்கே வைக்கப்படுகிறார் என்பதில்தான் நிர்வாகம் தெரிகிறது.

நம்மிடம் காயம்பட்டவர் காணாமல் போகிறார். வாட்ஸ்ஆப் குழுவில் பெயர் இருக்கும், பேச்சு இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் அணிக்காக ஆடும்போது முழங்காலை இழந்தான். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க அவன் அம்மா கம்மலை அடகு வைத்தார். அணியிலிருந்து ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஒரு தடவை போய்ப் பார்த்தார்கள், அத்தோடு சரி. போட்டி நடத்துபவர்களே, நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை, பரிசுத் தொகையில் ஒரு பங்கை, காய நிதி என்று தனியாக எடுத்து வையுங்கள். வெற்றிக் கோப்பை ஒரு அடி குள்ளமாக இருந்தால் யாரும் வருத்தப்பட மாட்டோம். அணி நிர்வாகிகளே, காயம்பட்டவரையும் பயிற்சிக்கு வரச் சொல்லுங்கள். ஓரத்தில் நின்று நேரம் பார்க்கட்டும், சின்னப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். குணமானதும் உன் இடத்துக்குப் போட்டியிட உனக்கு உரிமை உண்டு என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். அப்படிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு அந்தப் பையன் ஷூக் கயிற்றை உருவியிருக்க மாட்டான்.

பெண்கள் அணிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். இந்திய மகளிர் லீக் கோப்பையை 2019இல் வென்ற சேது எஃப்.சி. நம் மதுரைக்குச் சொந்தமான பெருமை. அதைப் பார்த்து இந்தப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிகளில் எத்தனையோ பெண் பிள்ளைகள் ஷூ மாட்டியிருக்கிறார்கள். ஏ.சி.எல். கிழிவதற்கான வாய்ப்பு பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. லண்டன் ஆர்சனல் மகளிர் அணி 2022 நவம்பரிலிருந்து 2023 மே மாதத்துக்குள் பெத் மீட், விவியன் மீடமா, லியா வில்லியம்சன், லாரா வீன்ராய்தர் என்ற நால்வரை இதே காயத்துக்குப் பறிகொடுத்தது. அங்கே அவர்களைச் சுற்றி மருத்துவர்களும் உடற்பயிற்சிக் கூடமும் புல்தரையும் இருந்தன. இங்கே நம் பிள்ளைகள் அண்ணன் போட்டுத் தேய்ந்த ஷூவில் காகிதத்தைத் திணித்துக்கொண்டு கட்டாந்தரையில் ஆடுகிறார்கள். சாயங்காலம் பையன்களின் பயிற்சி முடிந்த பிறகு மிச்சமிருக்கும் இருட்டில்தான் அவர்களுக்கு மைதானம் கிடைக்கிறது. அவர்களுக்கு முழு நேரமும் முழு வெளிச்சமும் கொடுங்கள், தசையை வலுவாக்கும் பயிற்சியை முதல் நாளிலிருந்தே கொடுங்கள்.

அந்தப் பயிற்சிக்கு ஒரு ரூபாய் செலவில்லை என்பதுதான் என் ஆதங்கமே. ஃபிஃபா வகுத்த "11+" என்ற வார்ம்-அப் முறை இருக்கிறது. மொத்தம் 15 பயிற்சிகள், 20 நிமிடம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் செய்துபார்த்து 2008இல் வெளியான பெரிய ஆய்வில், இதைச் செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் பாதியளவுக்குக் குறைந்தன. அதில் உள்ளதிலேயே பின்தொடைக்கு மிக நல்லது நார்டிக் பயிற்சி. ஒருவர் மண்டியிட வேண்டும். இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து அவர் கணுக்கால் இரண்டையும் தரையோடு அமுக்கிப் பிடிக்க வேண்டும். மண்டியிட்டவர் முதுகையும் இடுப்பையும் வளைக்காமல், மரம் சாய்வதுபோல் மெதுவாக முன்னால் சாய வேண்டும். இனித் தாங்காது என்ற இடத்தில் கைகளை ஊன்றிக்கொள்ளலாம். தொடர்ந்து செய்தால் பின்தொடைக் காயம் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த முடிவு. முதல் வாரம் ஐந்து ஐந்தாக இரண்டு தடவை போதும். கூடுதலாகச் செய்தால் மறுநாள் மாடிப்படி இறங்க முடியாது, பையன்கள் பயந்துபோய் விட்டுவிடுவார்கள். ஆட்டத்துக்கு முந்தைய நாள் வேண்டாம். நாம் இன்னும் மைதானத்தை இரண்டு சுற்று ஓடவிட்டு, குனிந்து கால்விரலைத் தொடச் சொல்வதோடு வார்ம்-அப்பை முடித்துக்கொண்டிருக்கிறோம்.

வெயிலையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். வெப்பம், காற்றின் ஈரம், நேரடி வெயில் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு 32 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு பாதியிலும் தண்ணீர் இடைவேளை விட வேண்டும் என்பது ஃபிஃபா வழிகாட்டுதல். 2014 உலகக் கோப்பையில் ஃபோர்டலேசாவில் நெதர்லாந்தும் மெக்சிகோவும் மோதிய ஆட்டத்தை இதற்காக இடையில் சற்று நிறுத்தினார்கள். மதுரை மத்தியான வெயிலில் மூன்று மணிக்கு ஆட்டம் வைப்பவர்கள், நாலரைக்குத் தள்ளிவையுங்கள். இருட்டிவிடும் என்றால் காலை ஆறரைக்கு வையுங்கள்.

அடுத்த சுற்று அட்டவணை இன்னும் அச்சாகவில்லை என்று கேள்விப்பட்டேன். அச்சாகும் முன் நிர்வாகிகள் கூட்டம் ஒன்று இருக்குமே, அதில் மூன்று விஷயங்களைப் பேச்சுக்கு எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்து மாற்று வீரர்கள், மைதானத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட், நுழைவுக் கட்டணத்திலிருந்து காய நிதி. ஒவ்வோர் ஆட்டத்திலும் யாருக்கு, எந்த நிமிடத்தில், எங்கே அடிபட்டது, எத்தனை நாள் வெளியே இருந்தார் என்று எங்கள் அணிக்கு ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். மற்ற அணிகளும் எழுதினால் சீசன் முடிவில் மதுரைக்கென்று ஒரு கணக்கு நம் கையில் இருக்கும். கட்டம் போட்ட மாதிரிப் பக்கத்தை நகலெடுத்து வைத்திருக்கிறேன். கூட்டத்துக்கு அழைத்தால் எல்லா அணிக்கும் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
பட்டியல் எழுதும் ஒருவன்,
மதுரை